அழிப்பாங்கதை போடுற வண்டிக்குச் சாவி

வா மருமகனே, உக்காரு. திண்ணையில அந்தப் பக்கம் வேண்டாம், கோழி அசிங்கம் பண்ணி வச்சிருக்கு. ஊரு பூராம் ஒன் பேச்சுதான். மதுரையில செகண்ட் ஹேண்டுல காரு எடுத்துட்டு வந்துட்டியாம், ஒத்தச் சாவிதான் குடுத்தானாம், ரெண்டாவது சாவிய நீயே புரோகிராம் பண்ணப் போறியாம், ராத்திரியெல்லாம் செல்லுல வீடியோ ஓடுதாம். எம்.ரெட்டியபட்டி டீக்கடையில இதச் சொன்னப்ப எனக்குப் பெருமை தாங்கல. போன வருசம் மிக்ஸியக்கூட நீயேதான பிரிச்சு ரிப்பேர் பாத்த? அதுலருந்து எந்தங்கச்சி அம்மியிலதான அரைச்சுக்கிட்டிருக்கா.

நேத்துச் சாயங்காலம் மந்தையில ஒன்னையப் பாத்தேன். வண்டிக்குள்ள உக்காந்து சாவியச் சொருகுற, எடுக்குற, கதவத் தெறக்குற, சாத்துற, மறுபடி சொருகுற. பக்கத்துல நின்ன கெழவி, "பயலுக்குக் காத்துக் கருப்பு அண்டிருச்சு போல, திருச்சுழிக்குக் கூட்டிட்டுப் போயி துன்னூறு போடுங்கப்பா"ங்குது. நான்தான், "அது இல்ல ஆத்தா, அமெரிக்காக்காரன் சொல்லிக் குடுத்த பூசை"ன்னு சமாதானம் சொல்லி அனுப்பிச்சேன்.

பூசைன்னு சொன்னது கேலிக்கு மட்டுமில்ல. அந்த ஊருல சில ஃபோர்டு வண்டிக்கு நெசமாவே அப்படித்தான். ரிமோட்டச் சேக்கணும்னா பத்து செகண்டுக்குள்ள எட்டுத் தடவ சாவிய ஆன் பண்ணி ஆஃப் பண்ணணும். கதவு லாக்கு தானா ஒரு தடவ சாத்தித் தெறக்கும். அந்நேரம் ரிமோட்டு பட்டன அமுக்குனா சேந்துக்கிரும். சிப்பு வச்ச சாவியச் சேக்குறதுக்கு வேற பூசை. ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்குற ரெண்டு சாவிய ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டுத் திருப்பிக் காட்டிட்டு, ஒடனே புதுச் சாவியப் போடணும். வீடியோக்காரன் பொய் சொல்லல. அவன் கையில ரெண்டு சாவி இருந்துச்சு, ஒன் கையில ஒண்ணுதான இருக்கு? ஒத்தச் சாவிக்காரன் ரெண்டாவது செய்யணும்னா மொதல்ல ரெண்டாவது வேணுமாம். ஒனக்கு வெளங்குனாச் சொல்லு, எனக்கு வெளங்கல. அவன் ஊரு ரிமோட்டு பேசுறது 315 மெகாஹெர்ட்ஸு, நம்ம ஊரு வண்டிக்கு வர்றது பெரும்பாலும் 433.92. நீ மந்தையில கத்துனா காரியாபட்டியில கேக்காதுங்கிறது இருக்கட்டும், அவன் ரிமோட்டு கத்துனா ஒன் வண்டிக்குப் பக்கத்துலயே கேக்காது.

நான் லாரி ஓட்டுன காலத்துல இந்த லொள்ளு கெடையாது. வத்தலும் மல்லியும் ஏத்திக்கிட்டு விருதுநகர் மண்டிக்குப் போவோம், கரிமூட்டம் பிரிச்சா கரி ஏத்திக்கிட்டுப் போவோம். சாவின்னா ஒரு தகட்டுத் துண்டு. தேஞ்சு போன அம்பாசிடர் சாவி பக்கத்துல நிக்கிற அம்பாசிடருக்கும் சேரும். தொலைஞ்சா டேஷ்போர்டுக்கு அடியில கைய விட்டு, ஒயர இழுத்து டைரக்ட் குடுத்துட்டுப் போய்க்கிட்டே இருப்பாக. பூட்டுன்னு சொன்னா அது திண்டுக்கல் பூட்டு. உள்ள லீவரா அடுக்கி, ஆசாரி அரத்தப் போட்டு ராவி ராவிச் செஞ்ச சாவி, அடுத்த பூட்டுக்குச் சேராது. 2019-ல புவிசார் குறியீடே குடுத்துட்டான் அதுக்கு. தானியக் குலுக்கைக்கு இருந்த அந்த மருவாதி எங்க லாரிக்கு இல்ல.

அப்பறம் ஐரோப்பாவுல காரு களவு பெருத்துப் போயி, 1998 அக்டோபர்லருந்து புதுக் காரெல்லாத்துக்கும் இம்மொபிலைசர் வச்சே ஆகணும்னு சட்டம் போட்டான். மெல்ல மெல்ல நம்ம ஊருக்கும் வந்துருச்சு. மாருதிக்காரன் ஐகேட்ஸுன்னு அதுக்கு ஒரு பேரும் வச்சான்.

வெவரம் என்னன்னா, ஒன் சாவித் தலைக்குள்ள ஒரு சிப்பு கெடக்கு. அதுக்குன்னு பேட்டரி கெடையாது. சாவி சொருகுற ஓட்டையச் சுத்தி ஒரு கம்பிச் சுருள் இருக்கு. நீ சாவியத் திருப்புன ஒடனே அதுலருந்து 125 கிலோஹெர்ட்ஸுல அலை கெளம்பும், அந்த அலையிலருந்தே கரண்ட எடுத்துக்கிட்டு சிப்பு முழிச்சுக்கிரும். முழிச்ச ஒடனே வண்டி அதுக்கு ஒரு அழிப்பாங்கதை, அதான் விடுகதை, போடும். ஒங்க அப்பத்தா நெலா வெளிச்சத்துல வாசல்ல உக்காந்து போடுமில்ல, அதேதான். ஆனா போட்ட கதையத் திருப்பிப் போடாது. சிப்பு தனக்குள்ள இருக்குற ரகசிய நம்பர வச்சு விடுவிக்கும். அதே நம்பரு வண்டிக்குள்ளயும் இருக்கு, அதுவும் தனியா விடுவிச்சு வச்சிருக்கும். ரெண்டு விடையும் ஒத்துப் போனாத்தான் இஞ்சினுக்கு எண்ணெய விடும். இல்லன்னா செல்ஃப் சுத்தும், இஞ்சின் பிடிக்காது. சில வண்டி ஒரு செகண்டு ரெண்டு செகண்டு பிடிச்சு ஆசை காட்டிட்டு அமந்துரும். மீட்டருல சாவிப் படம் போட்ட லைட்டு மினுக்கு மினுக்குன்னு கண்ணடிச்சுக்கிட்டே இருக்கும். ஒருத்தன் ஒட்டுக்கேட்டு நேத்து சொன்ன விடைய மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்தாலும் ஆகாது, இன்னைக்குக் கதையே வேற.

இதனாலதான் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சாவி வெட்டுறவன்கிட்ட நீ வெறுந்தகட்டுல டூப்ளிகேட் போட்டாலும் வேலைக்காகாது. கதவு தெறக்கும், டிக்கி தெறக்கும், சாவி திரும்பக்கூடத் திரும்பும். வண்டிக்கு மட்டும் பதில் சொல்லாது. அப்ப அந்தச் சாவி வீணான்னா, வீணில்ல. உள்ள சாவிய வச்சுப் பூட்டிட்டு மழையில நிக்கிறவனுக்கு அது கண்கண்ட தெய்வம். ஒனக்கு அது அடிக்கடி தேவைப்படும், ஒண்ணு வெட்டி வச்சுக்கோ.

ரிமோட்டுங்கிறது வேற சோலி. சிப்பும் அதுவும் ஒரே கூட்டுக்குள்ள கெடக்குறதால ரெண்டும் ஒண்ணுன்னு நெனைச்சுக்கிட்டுத் திரியிற. ரிமோட்டு கதவப் பூட்டித் தெறக்க மட்டுந்தான். அதுக்குப் பேட்டரி வேணும். அமுக்க அமுக்க அதுக்குள்ள ஒரு கணக்கு ஏறிக்கிட்டே போகும், வண்டியும் அந்தக் கணக்க வச்சிருக்கும். வண்டி எங்கயோ நிக்க, ஒன் மகன் வீட்டுல உக்காந்து பொழுதுபோகாம அமுக்கு அமுக்குன்னு அமுக்குனான்னு வையி, ரெண்டு கணக்கும் தப்பிப் போகும். வண்டிப் பக்கத்துல போயி ரெண்டு தடவ அமுக்குனாலே பல ரிமோட்டு சரியாயிரும், சிலதுக்குச் சாவிய ஒரு தடவ போட்டுத் திருப்பணும். இதுக்கெல்லாம் செலவு இல்ல. செலவு இல்லாத வேலைன்னா ஒனக்கு நம்பிக்கை வராதுன்னும் எனக்குத் தெரியும்.

அப்ப நீ செய்யிறதுக்கு வேலையே இல்லையான்னு மூஞ்சியத் தூக்காத. இருக்கு.

ரிமோட்டு கிட்ட வந்தாத்தான் வேலை செய்யிதுன்னா அது புரோகிராம் போனதில்ல, பேட்டரி போனது. பழைய பேட்டரி முதுகுல நம்பரு போட்டிருப்பான். 2032-ன்னு இருந்தா இருபது மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம்னு அர்த்தம். 1620 போட்டிருந்தா பதினாறு அகலம், ரெண்டு கனம். கடைக்காரன் "எல்லாம் ஒண்ணுதாண்ணே"ம்பான், ஒண்ணில்ல. பிளஸ் எந்தப் பக்கம் இருந்துச்சோ அந்தப் பக்கமே போடு. கழட்டுன பழசத் திண்ணையில போட்றாத, சின்னப் பிள்ளை முழுங்கிருச்சுன்னா தொண்டைய அரிச்சுப்புடும், ஒரு மணி நேரங்கூடத் தாமதிக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இதுல மட்டும் நான் கேலி பேச மாட்டேன். பட்டன் ஸ்டார்ட்டு வண்டி வச்சிருக்குறவன் பேட்டரி செத்தா வண்டியே செத்ததா நெனைச்சு ஒப்பாரி வப்பான். ரிமோட்டுக்குள்ளயே ஒரு இரும்புச் சாவி ஒளிஞ்சிருக்கும், அதுல கதவத் தெறந்துக்கிட்டு, ரிமோட்ட அந்தப் பட்டன்மேல ஒட்ட வச்சு அமுக்குனாப் பல வண்டி கெளம்பிரும். வண்டிகூட வந்த பொஸ்தகத்துல எங்க வச்சு அமுக்கணும்னு போட்டிருக்கான். பொஸ்தகத்த எடுத்து நீ எங்க வடை மடிச்சயோ, அதத் தேடு.

அடுத்தது கூடு மாத்துறது. ஒன் சாவிக் கூடு ஒடைஞ்சு ரப்பர் பேண்டு சுத்தியிருக்க, நான் பாக்கலன்னு நெனைக்காத. புதுக் கூடு ஆன்லைன்ல சல்லிசா வருது. வாங்கு, நீயே மாத்து, ஆனா இங்க வெளிய உக்காந்து மாத்தாத. பழைய கூட்டு விளிம்புல சின்னத் திருப்புளியப் போட்டு நெம்புனா ரெண்டாப் பொளந்துக்கிரும். பச்சை போர்டு இருக்கும், வெள்ளிக்காசாட்டம் பேட்டரி இருக்கும், பட்டன் ரப்பர் இருக்கும். எல்லாத்தையும் புதுக் கூட்டுக்கு மாத்தி, பழசத் தூக்கிக் குப்பையில எறிஞ்சுருவ. அங்கதான் இருக்கு சங்கதி. கூட்டு மூலையில ஒரு சின்னப் பொந்து இருக்கும், அதுக்குள்ள நகத்துல பாதிகூட இல்லாத ஒரு கறுப்புத் துண்டு ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். ஒயரும் கெடையாது, பளபளப்பும் கெடையாது, பாத்தா பிளாஸ்டிக்குப் பிசுறுன்னு நெனைப்ப. அதுதான் சிப்பு. சில சாவியில கண்ணாடிக் குழாயா இருக்கும், விட்டா நொறுங்கிரும். சிலதுல போர்டுலயே பத்த வச்சிருப்பான், அதுல கவலை இல்ல. அந்தச் சிப்பக் கரிசக்காட்டுல வச்சுத் தவற விட்டன்னா, பங்குனி வெயிலுக்குப் பொளந்து கெடக்குற வெடிப்புக்குள்ள போயிரும். ஐப்பசி மழைக்கு வெடிப்பு மூடிக்கிரும். அடுத்த வருசம் பருத்தி எடுக்கையில கெடைச்சாலும் கெடைக்கும். ஆகவே வீட்டுக்குள்ள, வெள்ளை வேட்டிய விரிச்சு, காத்தாடிய நிப்பாட்டிட்டு, கதவச் சாத்திக்கிட்டு மாத்து. மாத்தி முடிச்சு வண்டி கெளம்புன பிறகுதான் பழைய கூட்டக் குப்பையில போடணும்.

வெளிக் கடையில வாங்கி வண்டிக்கு மாட்டுன சென்ட்ரல் லாக்குன்னா ரிமோட்டச் சேக்குறதும் ஒன்னால முடியும். அதோட பொட்டியில ஒரு பட்டனோ சுவிச்சோ இருக்கும், கூட வந்த தாளுல எத்தன தடவ அமுக்கணும்னு இருக்கும். கம்பெனியிலயே மாட்டி வந்ததுன்னா அதுல கை வைக்காத.

இப்ப ஆன்லைன்ல விக்கிற சாவி புரோகிராம் மெஷினுக்கு வருவோம். ஸ்டீயரிங்குக்கு அடியில பதினாறு முள்ளு சொருகுற சாக்கெட்டு இருக்குல்ல, அதுல சொருகி நீயே புரோகிராம் பண்ணிக்கலாம்னு போட்டிருக்கான், அதானே? செய்யலாம், பட்டறையில தெரிஞ்சவன் அப்படித்தான் செய்யிறான். ஆனா பல வண்டி மொதல்ல ரகசிய பின் நம்பரக் கேக்கும். அது ஒன் ஏடிஎம் கார்டுக்குப் பின்னால எழுதி வச்சிருக்கியே, அந்த மாதிரி எங்கயும் எழுதியிருக்காது, சேஸி நம்பரக் காட்டிக் கம்பெனியிலருந்து வாங்கணும். மூணு நாலு தடவ தப்பா அடிச்சா வண்டி கோவிச்சுக்கிட்டுப் பூட்டிக்கிரும், அப்பறம் எப்பத் தெறக்கும்னு அது இஷ்டம். நடுவுல ஒன் வண்டிப் பேட்டரி எறங்கிப் போச்சுன்னா, பாதி எழுதுன எழுத்தோட கம்ப்யூட்டரு நின்னு போகும். காலையில மூணு பேரு தள்ளித்தான ஒன் வண்டி கெளம்புது? அந்தப் பேட்டரிய நம்பித்தான் இந்த ஆபரேஷனா?

பழைய ரிமோட்டு யாருதாவது சல்லிசா வாங்கிப் போட்டுக்கலாம்னும் ஒரு நெனப்பு இருக்கும். பல சிப்பு ஒரு வண்டியோட சேந்துட்டா அதோட சரி, வேற வண்டியில பேரு எழுதாது. மனுசனவிட ஒழுக்கம் அதுக்கு சாஸ்தி.

"மாமா, உலகத்துல ஒடைக்க முடியாத பூட்டே இல்ல"ன்னு நீ சொல்லுவ. வாஸ்தவந்தான். 2005-ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸுன்னு ஒரு பெரிய படிப்புக்கூடத்துக்காரவுக ஒரு சாவிச் சிப்போட ரகசியத்தக் கண்டுபிடிச்சு, ஃபோர்டு வண்டியையே எடுத்துக் காட்டுனாக. இன்னொரு சிப்போட ஓட்டைய 2013-ல இங்கிலாந்து, நெதர்லாந்து வாத்தியாருமாரு மூணு பேரு எழுதி வச்சாக. ஃபோக்ஸ்வேகன்காரன் லண்டன் கோர்ட்டுல தடை வாங்கிட்டான். ரெண்டு வருசம் இழுபறி. கடைசியில 2015-ல, ஒரே ஒரு வரிய மட்டும் எடுத்துட்டு அந்தக் கட்டுரை வெளிய வந்துச்சு. நம்ம ஊருல வரப்புக்காகக் கோர்ட்டுக்கு நடக்குறவனப் பாத்துச் சிரிப்பியே, அங்க ஒத்த வரிக்கு நடந்திருக்கான். என்ன, அவுக கணக்குப் படிச்சவுக. நீ எட்டாப்புல கணக்குப் பரீச்சைக்கு வயித்துவலின்னு படுத்தவன்.

சிப்பே இல்லாட்டி என்ன ஆகும்னும் பாத்தாச்சு. அமெரிக்காவுல 2011-லருந்து 2021 வரைக்கும் வித்த கியா, ஹூண்டாய் வண்டி பலதுல இம்மொபிலைசர் வைக்கல. 2022-ல பயலுக செல்போன் யூஎஸ்பி ஒயர வச்சே களவாங்கி, அதையும் வீடியோ எடுத்துப் போட்டானுக. பக்கத்துல இருக்குற கனடாவுல 2007-லயே சட்டம் போட்டு வைக்கச் சொன்னதால அங்க அந்த வித்தை எடுபடல. இங்க களவாணிப் பயலுக அதே புரோகிராம் மெஷின வச்சு வண்டிய எடுத்துக்கிட்டுப் போறானுக, அவனுகளுக்குப் பின் நம்பரு எப்படிக் கெடைக்குதுன்னு என்னயக் கேக்காத.

இம்புட்டுத் துருவுற நீ ஒண்ணு கேக்கலயே. ஒனக்கு ஒத்தச் சாவிதான் குடுத்தான், சரி. மத்தச் சாவி எங்க? "தொலைஞ்சு போச்சு"ன்னானா? தொலைஞ்சது கெணத்துலயா, இல்ல அவன் மச்சான் சட்டைப் பையிலயா? இதுக்காகத்தான் நான் சொல்றேன், தெரிஞ்ச ஆளுகிட்டயோ கம்பெனி சர்வீஸுலயோ போ. புதுச் சாவிய எழுதும்போது பழசெல்லாத்தையும் அழிச்சுட்டு, கையில இருக்குறத மட்டும் திருப்பி எழுதச் சொல்லு. பல வண்டியில எழுதும்போதே அப்படித்தான் ஆகும். அன்னைக்குக் கையில இல்லாத சாவிக்கு அதோட வண்டி கெளம்பாது. அதனால ஒஞ்சாவிய வீட்டுல மறந்து வச்சுட்டுப் போயிராத, அதுவும் சேந்து செத்துரும். அப்பவும் அந்தப் பழைய தகடு கதவத் தெறக்கும்கிறத நெனப்புல வச்சு, சீட்டுல மல்லி வித்த காச வச்சுட்டு டீ குடிக்கப் போகாத.

இன்சூரன்ஸுக்காரன் விசயமும் இருக்கு. வண்டி களவு போச்சுன்னு போயி நின்னா, மொதக் கேள்வியே "ரெண்டு சாவியும் குடுங்க"ம்பான். ஒத்தச் சாவிய நீட்டுனா மத்ததத் திருடன்கிட்ட நீயே குடுத்தியான்னு ஒரு பார்வை பாப்பான். வித்தவன்கிட்ட ஒரே சாவிதான் ஒப்படைச்சேன்னு எழுதி வாங்கி வச்சுக்கோ. சாவி தொலைஞ்சா காசு தர்றதுக்குன்னே தனியா ஒரு கூடுதல் பாலிசியும் இருக்கு, அடுத்த தடவ கட்டும்போது கேட்டுப் பாரு.

ஒத்தச் சாவி கையில இருக்குற வரைக்குந்தான் இது சில்லறைச் செலவு. அதையும் வேட்டி மடியில சொருகிக்கிட்டு கெணத்துல எட்டிப் பாப்ப, குண்டாத்துல துவைக்கப் போட்டுட்டு வருவ. போச்சுன்னு வையி, ஸ்டேஷன்ல மனு குடுத்து ரசீது வாங்கணும், ஆர்சி புக்கு, ஆதார் கார்டு எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு அலையணும், கம்பெனியிலருந்து சாவி வர்ற வரைக்கும் காத்துக் கெடக்கணும், வண்டிய வேற கட்டி இழுத்துக்கிட்டுப் போகணும். இங்கருந்து மதுரை வரைக்கும். சில வண்டிக்குப் பூட்டு செட்டோட கம்ப்யூட்டரையும் மாத்தச் சொல்லுவான். அப்ப ஒன் பொண்டாட்டி கழுத்தப் பாப்ப, அவ ஒன்னயப் பாப்பா.

ரெண்டாவது சாவி வந்துருச்சுன்னே வச்சுக்குவோம். அத எங்க வைப்ப? டேஷ்போர்டுக்குள்ளயே வைக்கிற புத்திசாலிக இருக்காக, பந்தல்குடியில ஒருத்தர எனக்குத் தெரியும், பேரு வேண்டாம். பீரோவுல வைப்பேன்ன? பீரோச் சாவி எங்க இருக்கு? சாமி படத்துக்குப் பின்னால ஆணியில. அது ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பாலூத்த வர்றவனுக்குத் தெரியும், அவன் மாட்டுக்கும் தெரியும். பேசாம ஒன் பொண்டாட்டிகிட்டக் குடுத்துரு. மாசம் ஒரு தடவ அவகிட்டக் கேட்டு வாங்கி, அதப் போட்டு வண்டியக் கெளப்பிப் பாத்துட்டு அவகிட்டயே திருப்பிக் குடுத்துரு. அவ எங்க வைக்கிறான்னு மட்டும் எட்டிப் பாக்காத.